அகமதாபாத்தில் ஒரு டப்பா காக்ரா

காக்ரா என்றதும் வடநாட்டுப் பெண்கள் கட்டும் கண்ணாடி வைத்த பாவாடைதானே என்று நினைத்துவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது தின்கிற காக்ரா! கோதுமை மாவை அப்பளம் மாதிரி மெல்லிசாக இட்டு, எண்ணெயில் பொரிக்காமல், கல்லிலேயே அழுத்தி அழுத்தி மொறுமொறுவென்று வாட்டி எடுப்பது. குஜராத்தில் காலை டீக்கு இதுதான் துணை. பயணம் புறப்பட்டால் கட்டுச்சோறும் இதுதான்.

என் நாத்தனார் வாழ்க்கைப்பட்டது அகமதாபாத்தில். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள மணிநகர் பகுதியில் வீடு. சென்னையில் காலையில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் சாயங்காலம் போய் இறங்கலாம். குழந்தைகளின் பரீட்சை லீவில் இந்தத் தடவை 15 நாள் தங்கிவிட்டு வந்தேன்.

போன உடனே என் கண்ணில் பட்டது, சமையலறையில் காஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்த எவர்சில்வர் டப்பா. திறந்தால் வட்ட வட்டமாகக் காக்ரா.

"இது யாருக்கும்மா, குழந்தைகளுக்கா?" என்று கேட்டேன்.

"இல்லை அண்ணி, இது எனக்கு!" என்று சிரித்தாள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

அவளுக்கு நாலு வருஷமாகச் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டுக்கொள்வாள். அப்புறம் வீட்டுக்காரருக்கு டிபன் காரியர், பிள்ளைகளுக்கு டப்பா, மாமனாருக்குக் கஞ்சி. எல்லாம் முடித்து அவள் வாயில் ஒரு வாய் போக மணி பத்தரை ஆகிவிடும். "ஒரு நாள் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டி, கை கால் வெடவெடன்னு ஆடிப்போச்சு அண்ணி. அடுப்படியிலேயே உட்கார்ந்துட்டேன். டாக்டர் நல்லா திட்டினார். மாத்திரையைப் போட்டுக்கிட்டு நேரத்துக்குச் சாப்பிடலேன்னா சர்க்கரை இறங்கிடுமாம்."

விஷயம் கேள்விப்பட்டு அடுத்த வீட்டுப் பாட்டி கொண்டுவந்து கொடுத்ததுதான் அந்த டப்பா. அந்தப் பாட்டியை எல்லோரும் 'பா' என்று கூப்பிடுகிறார்கள். குஜராத்தியில் பா என்றால் அம்மா. "ஊருக்கெல்லாம் பிறகு போடலாம், முதலில் நீ தின்னு" என்று பா உத்தரவு போட்டாராம். அன்றிலிருந்து காலை ஏழு மணிக்கு இரண்டு காக்ரா, ஒரு கிண்ணம் தயிர். டாக்டர் சொன்னபடி அதோடு சேர்த்துத்தான் மாத்திரை. அந்த மாதிரி நடுக்கம் மறுபடி வரவில்லை என்றாள். (நடுக்கம் வந்துவிட்டால் உடனே சர்க்கரைத் தண்ணீரோ குளுக்கோஸோதான் கொடுக்க வேண்டும். காக்ரா வரும்முன் காக்கத்தான்.)

ஒரு நாள் பா எங்கள் இருவரையும் பழைய நகரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே 'போள்' என்று சொல்லும் குறுகலான சந்துகள். ஒவ்வொரு போளுக்கும் வாசல் உண்டு. உள்ளே மரவேலைப்பாடு செய்த பழைய வீடுகள். பறவைகளுக்குத் தானியம் போட என்றே தூணின் மேல் சின்ன மாடம் கட்டியிருக்கிறார்கள், அதற்கு 'சபூத்ரோ' என்று பெயர். 2017-ல் இந்தப் பழைய நகரத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. இந்தியாவில் அந்தப் பெருமை பெற்ற முதல் நகரம் இதுதான்.

அப்படி ஒரு போளில், ஒரு வீட்டின் கீழ்க்கூடத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து காக்ரா போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி இடுகிறாள், ஒருத்தி கல்லில் அரைவேக்காடாகப் புரட்டி அடுக்குகிறாள், இன்னொருத்தி கைப்பிடி வைத்த வட்ட மரக்கட்டையால் அழுத்தி வாட்டுகிறாள். என்ன வேகம்! அப்பளம்போல எல்லாம் ஒரே அளவு. இடுகிற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருவர். அவர்களுடைய பள்ளிச் செலவை இந்தக் குழவியும் பலகையும்தான் பார்த்துக்கொள்கிறதாம். நாத்தனார் மொழிபெயர்த்துச் சொன்னபோது, நான் அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பா ஜைனர். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையாது. மழைக்காலத்தில் வரும் பர்யூஷண் என்னும் விரத நாட்களில் பச்சைக் காய்கறியும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் காக்ராதான் கை கொடுக்கிறது. அதை வைத்து அவர் செய்வதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

மேலே நெய் தடவி, சீரகம், மிளகாய், உப்பு சேர்த்த 'ஜீராளு' பொடியைத் தூவிக் கொடுப்பார். உடைந்த துண்டுகளை வீணாக்குவதில்லை. கடுகு, பெருங்காயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, வேர்க்கடலை தாளித்து, அதில் போட்டுப் புரட்டினால் சிவ்டா. சாயங்காலம் குழந்தைகள் வந்தால் நொறுக்கிய காக்ராவில் வெள்ளரி, தக்காளி, மாங்காய் நறுக்கிப் போட்டு, கொத்துமல்லிச் சட்னி, பேரீச்சம்பழம்-புளிச் சட்னி விட்டுக் கலந்து உடனே தருவார். தாமதித்தால் நமத்துப் போகும். பல் இல்லாத மாமனாருக்குச் சூடான பருப்பில் ஊறவைத்துக் கொடுக்கிறாள் என் நாத்தனார். கட்லெட் செய்யும்போது ரொட்டித்தூளுக்குப் பதில் காக்ராத் தூள்தான். நம் இட்லி மிளகாய்ப் பொடியும் இதற்குப் பிரமாதமாக ஒத்துப்போகிறது.

இனி செய்முறை. கோதுமை மாவு 2 கப், எண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், ஓமம் அல்லது சீரகம் 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் சிறிது, உப்பு அரை டீஸ்பூன். பொடியாக நறுக்கிய வெந்தயக்கீரை ஒரு கைப்பிடி சேர்த்தால் வாசனையாக இருக்கும். அங்கே நரிப்பயறு மாவும் கொஞ்சம் கலப்பதுண்டு. சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து 20 நிமிஷம் மூடி வையுங்கள். எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, முடிந்த மட்டும் மெல்லிசாக இடுங்கள். சூடான கல்லில் இரண்டு பக்கமும் லேசாகப் புரட்டி எல்லாவற்றையும் அடுக்கிக்கொள்ளுங்கள். பிறகு தீயை நன்றாகத் தணித்து, ஒவ்வொன்றையும் கல்லில் போட்டு, மடித்த சுத்தமான துணியால் சுற்றிச் சுற்றி அழுத்தித் திருப்புங்கள். உப்பவிடக் கூடாது. இளம் பழுப்பாகி விறைத்ததும் எடுத்து, நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடவேண்டும். சூட்டோடு மூடினால் ஈரம் கோத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கெடாது.

இரவு மிஞ்சிய சப்பாத்தியையும் இதேபோல வாட்டலாம். மெல்லிசாக இருந்தால் நன்றாகவே வரும். வாடை வந்துவிட்டதை மட்டும் இதற்கு எடுக்கவேண்டாம்.

மூன்று விஷயம் கவனிக்கவேண்டும். பொரிக்காததுதானே என்று சர்க்கரைக்காரர்கள் எட்டு, பத்து என்று தின்றால் அத்தனையும் கோதுமைக் கணக்குதான். இரண்டோடு நிறுத்தி, தயிரோ சுண்டலோ சேர்த்துக்கொள்வது நல்லது. கடையில் வாங்குவதில் உப்பு தூக்கலாக இருக்கலாம், ரத்த அழுத்தக்காரர்கள் உறையைப் படித்துப் பார்க்கவும். கைக்குழந்தைகளுக்குக் கடினத் துண்டைக் கையில் கொடுத்துவிடாதீர்கள், தொண்டையில் சிக்கும். பாலிலோ பருப்பிலோ குழைய ஊறவைத்துக் கொடுங்கள்.

சென்னைவாசிகளுக்குச் சௌகார்பேட்டை மின்ட் தெருப் பக்கம் போனால் ரெடிமேடாகவே கிடைக்கும்.

புறப்படும் அன்று பா எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ரயிலில் எதிர் சீட்டுப் பெண்மணி மாங்காய்த் தொக்கு எடுக்க, நான் காக்ராவை எடுக்க, மறுநாள் வார்தா தாண்டுவதற்குள் பொட்டலம் காலி! ஊர் வந்ததும் முதல் வேலையாக ஒரு டப்பா செய்து அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டேன். மூடியில் என் பெயரையே எழுதி ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்!