மாதம் 250 டாலருக்கு ஒரு கோச்

டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் பெண்கள் கூடைப்பந்துக்கென்றே 1999இல் திறந்த ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போக யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. கூடையின் வலைபோல அமைத்த கண்ணாடிப் படிக்கட்டின் உச்சியில் 30 அடிப் பந்து ஒன்று உட்கார்ந்திருக்கிறது. எடை 10 டன். அட்லாண்டாவுக்கு வேலையாக வந்தவன், ஒரு பயிற்சியாளரின் ஊரைப் பார்க்கவென்று காரை இந்தப் பக்கம் திருப்பினேன்.

அவர் பேட் சம்மிட். 1974இல் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் அணி அவர் கைக்கு வந்தபோது வயது 22, சம்பளம் மாதம் 250 டாலர். சீருடை துவைத்தது அவர், வேன் ஓட்டியது அவர். அந்தச் சீருடையும் முந்தைய ஆண்டு டோனட் விற்ற காசில் வாங்கியது. விசில் ஊதுவது இந்த வேலையில் பாதிகூட இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மீதிப் பாதியில் பெரும்பங்கு, பள்ளி மாணவிகளைத் தேடிப் பிடித்து அணிக்கு அழைத்து வருவது. 1990 செப்டம்பரில் நிறைமாதக் கர்ப்பிணியான சம்மிட், மிஷல் மார்சினியாக் என்ற பெண்ணைப் பார்க்க விமானத்தில் பென்சில்வேனியா போனார். அந்தப் பயணத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. திரும்பும் வழியில் வர்ஜீனியாவில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள் விமானிகள். கூடாது என்றார் சம்மிட். அந்த ஆண்டுதான் வர்ஜீனியா அணி அவர் அணியைத் தோற்கடித்திருந்தது! பிள்ளை டென்னசியில்தான் பிறந்தது. மார்சினியாக் முதலில் வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பிறகு டென்னசிக்கு மாறி, 1996 தேசியக் கோப்பையை வாங்கித் தந்தார். பிடிவாதம் என்று இதைச் சொல்லலாம். எனக்கு இதில் கொஞ்சம் பயமும் உண்டு.

பழங்கதை மட்டும் போதாதென்று, பக்கத்து ஊர்ச் சிறு கல்லூரி ஒன்றில் பயிற்சி பார்க்க அனுமதி வாங்கினேன். கோச் அம்மாவின் இடுப்பில் மடித்துச் செருகிய ஒரு தாள். எட்டு நிமிடம் ரீபவுண்ட், ஆறு நிமிடம் ஃப்ரீ த்ரோ என்று பயிற்சி முழுக்க அதில் அளந்து எழுதியிருந்தது. எதிரணியாக ஆடியவர்கள் ஆண் மாணவர்கள். அடுத்து மோதப்போகும் அணியின் ஆட்டத்தை அப்படியே ஆடிக்காட்டுவது அவர்கள் வேலை.

நான் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. பந்து கையில் இல்லாத பெண்களின் கால்களைத்தான் பார்த்தார். விசில் ஒலித்தது. ஒரு பெண்ணின் அருகில் குந்தி, அவள் ஷூவின் முனையை விரலால் தட்டி, ஒரு சாண் உள்ளே தள்ளி வைத்தார். "இங்கே நின்றால்தான் அவன் உன்னைத் தாண்ட முடியாது." "சரி, கோச்." மறு ஆட்டத்தில் எதிரே ஆடிய பையனால் அவளைத் தாண்ட முடியவில்லை. யாரும் கைதட்டவில்லை. தாளில் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

படிப்பும் கோச்சின் பொறுப்புதான். சம்மிட்டின் பெண்கள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும் என்பது விதி. அவரிடம் முழுக்காலமும் ஆடி முடித்த அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். எட்டு தேசியக் கோப்பைகளைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் பாகுபாடு கூடாதென்ற 1972 சட்டம்தான் பெண்கள் விளையாட்டுக்குப் பணம் கொண்டுவந்தது. 2006இல் சம்மிட்டின் ஆண்டுச் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அந்தச் சட்டத்துக்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பெண்கள். இன்று எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக்கும் குறைவு. சம்பளம் சொற்பமாக இருந்த காலத்தில் சீருடை துவைக்க எந்த ஆணும் போட்டிக்கு வரவில்லை.

2011இல் சம்மிட்டுக்கு அல்சைமர் நோய் என்று தெரிந்தது. இன்னும் ஒரு பருவம் நடத்திவிட்டு, 38 பருவங்களில் 1,098 வெற்றிகளோடு 2012இல் விலகினார், 2016இல் இறந்தார். அவர் இடத்துக்கு வந்தவர் ஹாலி வார்லிக், அவருக்கு அடுத்து கெல்லி ஹார்ப்பர். இருவரும் சம்மிட்டிடம் ஆடிய பெண்கள். மற்ற கல்லூரிகளும் பயிற்சியாளரைத் தேடும்போது முதலில் தம் பழைய ஆட்டக்காரிகளின் பட்டியலை எடுத்துப் பார்க்கட்டும்.