பொய் சொன்ன பேட்டரி

2015-ல ஒரு ராத்திரி கே.ஜி.கண்டிகையிலேருந்து அக்கா பொண்ணு போன். "மாமா, 18 பர்சென்ட் காட்டுச்சு, டப்புனு ஆஃப் ஆயிடுச்சு. ரிப்போர்ட் மொத்தமும் போச்சு!" ஒரே அழுகை.

அரசு கொடுத்த இலவச லேப்டாப். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல தொடங்குனதே எங்க திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூர்லதான் (சின்னப் பெருமை, கண்டுக்காதீங்க). விண்டோஸோட சி-டாக் தயாரிச்ச பாஸ் லினக்ஸும் அதுல உண்டு. இவ லினக்ஸ் பக்கம் போனதுக்கு நான்தான் காரணம். அதனால பழியும் என் தலையில.

ஞாயித்துக்கிழமை போய் டெர்மினல்ல பார்த்தேன். புதுசுல தாங்குனதுல பாதிகூட பேட்டரி தாங்கலை. 2012 கரண்ட் கட்டுல தினமும் சொட்டு மிச்சமில்லாம காலி பண்ணினா வேற என்ன ஆகும்? தேஞ்ச பேட்டரி 18-ன்னு சொல்லிட்டு அடுத்த நிமிஷமே படுத்துடும். காப்பாத்துற செட்டிங்கோ கடைசி ரெண்டு மூணு பர்சென்ட்லதான் கண்ணே முழிக்கும்!

அந்த அளவை 25-க்கு ஏத்தினேன். சஸ்பெண்டை எடுத்துட்டு ஹைபர்னேட் வெச்சேன். சஸ்பெண்ட்ல வேலையெல்லாம் ராம்லயே நிக்கும், சார்ஜ் தீர்ந்தா அதுவும் காலி. ஹைபர்னேட், டிஸ்க்ல எழுதிட்டுதான் அணையும். ஸ்வாப் இடம் பத்தாம முதல் தடவை சொதப்பல். அதைப் பெருசாக்கவே மத்தியானம் ஆயிடுச்சு. பவர்டாப்ல நோண்டி மிச்சம் பண்ணினதைவிட, திரை வெளிச்சத்தைக் குறைச்சதுல மிச்சமானதுதான் அதிகம், ஹிஹி.

சார்ஜரைப் புடுங்கிட்டுக் காத்திருந்தோம். 25 வந்ததும் அணைஞ்சுது. மறுபடி ஆன் பண்ணினா, அடிச்ச வரி அப்படியே நிக்குது.

"அன்னிக்குப் போனது திரும்ப வருமா மாமா?"

"வராதும்மா."

ஒண்ணும் பேசாம முதல் பக்கத்துலேருந்து அடிக்க ஆரம்பிச்சா.