மடுவுக்கு எத்தனை எழுத்து?

மடு, பெரியமடு என்று எங்கட பக்கத்து ஊர்ப்பெயர்களைப் பைதானில் இருந்து சி நிரலுக்கு அனுப்பிப் பாருங்கோ. 'மடு' நமக்கு 2 எழுத்து. பைதானுக்கு 3; உகரக் குறி தனிக்கணக்கு. யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி அனுப்பினால் சி-யில் சரத்தின் நீளத்தை எண்ணும் ஸ்டிர்லென் 9 என்னும். மூன்றுமே சரி.

மாற்றாமல் சரத்தை அப்படியே, பைதானில் இருந்து சி-யை அழைக்கும் சிடைப்ஸ் வழியாகத் தள்ளினால்? லினக்ஸில் 2 வரும். சரியான விடை மாதிரித்தான் இருக்கும்! 'பெரியமடு'வுக்கும் அதே 2 வரும்போதுதான் வண்டவாளம் வெளிக்கும். அங்கே ஒவ்வொரு யூனிகோட் குறியீடும் 4 பைட்டாகப் போகிறது. முதல் குறியீட்டின் 2 பைட்டுக்கு அடுத்தது சுழியம். சி அதோடு நின்றுவிடும்.

சி சார்பின் ஆர்க்டைப்ஸில், அது பைட்டுச் சரம்தான் வாங்கும் என்று வகையை முதலே எழுதி வையுங்கோ பிள்ளையள். பிறகு மாற்றாத சரத்தைப் பைதானே பிழை காட்டி மறிக்கும். பொய்க்கணக்கு உள்ளே போகாது.