உயர்த்திய வண்டி

கொலராடோவின் கரடுமுரடான மலைப்பாதைகளுக்கென நமது பிக்கப் வண்டியின் முன்புறத்தை 2 அங்குலம் உயர்த்தினோம். பின்னர் நெடுஞ்சாலையில் அது நேராக நில்லாது இருபுறமும் அலைந்தது. பிள்ளைகள் பின்னிருக்கையில் இருக்க, நம் கைகள் நடுங்கின. ஒரு பட்டறையில் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் ‘டோ’ அளவை மட்டும் சரிசெய்தனர். அலைச்சல் ஓயவில்லை.

வேறொரு பட்டறையின் முதியவர் காரணம் கூறினார். வண்டியை உயர்த்தினால் சஸ்பென்ஷன் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சரிகின்றன. சக்கரத்தைத் தானாகவே நேர்நிலைக்குக் கொணரும் ‘காஸ்டர்’ கோணம் குறைகிறது. வண்டியுடன் வந்த திருத்த போல்ட்டுகளால் நம் வண்டியில் அதனை மீட்க இயலவில்லை. எனவே அவர் மேல் கண்ட்ரோல் ஆர்ம்களை மாற்றினார். காஸ்டரையும், பக்கச்சாய்வாகிய ‘கேம்பரை’யும் அமைத்தபின், இறுதியாகவே டோவைத் தொட்டார். முன்னவை மாறினால் டோவும் மாறிவிடுமன்றோ!

உயர்வது எளிது, உயர்ந்தபின் நேராகச் செல்வதற்கே பொறுமையும் பொருளும் வேண்டியிருக்கின்றன.