சாரி கார்டு

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் காலை ஏழு மணிக்குள் வண்டி ஓட்டிப் பழகிவிட வேண்டும். அதன்பின் அரிசியும் மிளகும் சுக்கும் ஏற்றிய லாரிகள் கிட்டங்கிகளின் வாசலில் வந்து நிற்கும்; மிஞ்சும் இடைவெளியில் ஆட்டோக்களும் ஆடுகளும் சுற்றுலாப் பயணிகளும் நகர்வார்கள். அந்தச் சாலையில், 52ஆம் வயதில், கல்லூரியொன்றில் பொருளியல் கற்பிக்கும் பேராசிரியர் ஒருவர் கடந்த ஆண்டு மூன்று மாத காலம் விடியற்பொழுதுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகினார். இளமையில் பதின்மூன்று ஆண்டுகள் புல்லட் ஓட்டியவர் அவர். பழையபடி தொடங்குவது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தார். முன்பு நன்றாக ஓட்டத் தெரிந்திருந்ததே இப்போது இடையூறாக நின்றது.

அவருடைய தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரியின் மசாலா வணிக நிறுவனமொன்றில் கணக்கெழுதியவர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கடைகளில் கொங்கணியும் குஜராத்தியும் என வளர்ந்த பிள்ளை, வேலை கிடைத்ததும் 1996இல் பழைய புல்லட் ஒன்றை வாங்கினார். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த அந்த வண்டி, 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுறவில் திருவொற்றியூரில் வேர்பிடித்தது. தாய் நிறுவனம் மறைந்த பிறகும் இங்கே அதன் பழைய வடிவம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்ற அமைப்பும் அவற்றுள் ஒன்று. 1970களின் நடுவில் அமெரிக்கச் சட்டம் கியர் இடக்காலில் இருக்க வேண்டுமென விதித்தபோது உலகின் பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு இணங்கின. புல்லட்டோ இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலும் வலக்காலில் கியர் கொண்ட வண்டிகளை விற்றுக்கொண்டிருந்தது.

பலரையும் போல அவரும் தம் வண்டியை 'மாற்றினார்'. சத்தமெழுப்பும் சைலன்சர் பொருத்தினார். பின்சக்கர மட்கார்டைக் குறுக்கினார். பின்னிருக்கையில் அமர்பவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியை அகற்றினார். இடப்புறம் சக்கரத்தை மறைத்து நின்ற கம்பிவலையை, எல்லோரும் சாரி கார்டு என்று அழைக்கும் அதனை, முதல் வேலையாகக் கழற்றியெறிந்தார். அது இருந்தால் 'குடும்ப வண்டி' ஆகிவிடும் என்பது அக்கால நண்பர்களின் கேலி. அதைக் கழற்றுவது சட்டப்படியும் பிழை என்பதை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி மூன்றை வேண்டுகிறது: பின்னமர்பவருக்குக் கைப்பிடி, கால்வைப்பு, அவருடைய ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு. ஒருபக்கமாக அமர்ந்து பயணம் செய்யும் பெண்களை நினைத்தே இதன் தேவை புரியும்.

2001இல் திருமணம் நடந்தது. மனைவி எட்டு ஆண்டுகள் அந்த வண்டியில் ஒருபக்கமாகவே அமர்ந்து சென்றார். பிடித்துக்கொள்ள ஏதுமில்லாததால் ஒரு கை கணவரின் தோளில், மறுகை சேலை முந்தானையில் இருக்கும். 2009 ஜூலையில், மழை விட்ட ஒரு மாலையில், இதே பஜார் சாலையில் முந்தானை பின்சக்கரக் கம்பிகளில் சுற்றிக்கொண்டது. வண்டி மெதுவாகவே சென்றது. ஆனால் சக்கரம் ஒரு முறை சுழன்றாலே துணியை இழுத்துக்கொள்ளும். ஒருவரைக் கீழே தள்ள அது போதும். கிட்டங்கியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சுமைத் தொழிலாளர்கள் ஓடிவந்து, சாக்கு அறுக்கும் கத்தியால் சேலையை அறுத்து அவரை விடுவித்தார்கள். இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. கழுத்தில் சுற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை அவர்களுள் மூத்தவர் ஒருவர் சொல்ல வாயெடுத்துவிட்டுச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த மாதமே வண்டி விற்கப்பட்டது. மனைவி அது பற்றி ஒருநாளும் குறைசொல்லவில்லை; அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மழைக்காலங்களில் மனைவி மணிக்கட்டைத் தேய்த்துவிடுவதைக் காணும்போது அவர் வேறு அறைக்குப் போய்விடுவார். 1994இல் எடுத்த ஓட்டுநர் உரிமம் 2014இல் காலாவதியானபோது புதுப்பிக்கவில்லை.

மீண்டும் வண்டி வாங்கப் போவதாகச் சொன்னபோது, காரணம் கேட்டவர்களிடம் பேருந்து நேரத்தைக் காட்டினார். மனைவியிடம் காரணம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

உரிமம் முடிந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டால் மீண்டும் தேர்வு எழுதி ஓட்டிக்காட்ட வேண்டும் என்பது 2019 சட்டத்திருத்தம். கேரளத்தில் இருசக்கர உரிமத் தேர்வு என்றாலே 'எட்டு'தான். நட்ட கம்பிகளுக்கிடையே கால் ஊன்றாமல் எட்டு வடிவில் சுற்றிவர வேண்டும். நெடுங்காலம் பலரும் கைக்கியர் கொண்ட பஜாஜ் எம்80இல் இந்த எட்டைப் போட்டுத் தப்பினார்கள். 2024இல் விதி மாறி, காலால் கியர் மாற்றும் வண்டி கட்டாயமானது. பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் நின்ற பேராசிரியர் முதல்முறை தோற்றார். வரிசையில் பின்னால் நின்றவர்களில் ஒருவன் அவருடைய மாணவன். அவன் மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

இரண்டாம் முறை தேர்ந்து, 349 சிசி புதிய கிளாசிக் ஒன்றை வாங்கினார். அதன் பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. பழைய வண்டியில் கியர் வலக்காலில். முதல் கியருக்கு மேலே தூக்க வேண்டும், மற்றவற்றுக்குக் கீழே அழுத்த வேண்டும். புதியதில் கியர் இடக்காலில். முதல் கியர் கீழே, மற்றவை மேலே. பக்கமும் திசையும் ஒருசேரத் தலைகீழாகிவிட்டன. அரண்மனைச் சாலையில் ஒருநாள் ஆடொன்று குறுக்கே வந்தபோது, பதினைந்தாண்டுத் தூக்கத்திலிருந்து விழித்த இடக்கால் 'பிரேக்'கை ஓங்கி மிதித்தது. மிதிபட்டது கியர். வண்டி உறுமிக் குலுங்கியது. கையிலிருந்த முன்பிரேக்கும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் ஆட்டையும் அவரையும் காத்தன.

அறிவுக்கும் உடற்பழக்கத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை மைக்கேல் போலன்யி 1958இல் வெளியான தம் நூலில் மிதிவண்டியைக் கொண்டே விளக்கினார். சாய்வதைச் சரிசெய்ய முன்சக்கரத்தை எவ்வளவு திருப்ப வேண்டும் என்ற விதியை மிதிவண்டி ஓட்டுபவர் அறியார். ஆயினும் அதன்படியே ஓட்டுகிறார். போலன்யி சொன்னதன் மறுபக்கத்தை அமெரிக்கப் பொறியாளர் டெஸ்டின் சாண்ட்லின் 2015இல் காட்டினார். கைப்பிடியை இடப்புறம் திருப்பினால் சக்கரம் வலப்புறம் திரும்பும் மிதிவண்டி ஒன்றை ஓட்டப் பழக அவருக்கு எட்டு மாதங்கள் ஆயின. எது மாறியிருக்கிறது என்பது அவருக்கு முதல் நொடியிலேயே தெரியும். அந்தத் தெரிதல் உடலுக்கு உதவவில்லை. விதியைச் சொல்லத் தெரியாமலே ஓட்டவும் முடியும். விதியைச் சொல்லத் தெரிந்தும் ஓட்ட முடியாமல் போகவும் கூடும். பொருளியல் பேராசிரியர் இதனைத் தம் இடக்காலில் கற்றார்.

வண்டியைத் தமக்கேற்ப மாற்றும் கேள்வி அடுத்து எழுந்தது. இங்கே சட்டம் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தி, உயர் நீதிமன்றத்தின் தளர்வான விளக்கத்தை விலக்கியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. இளைஞர்கள் இதனைத் தங்கள் படைப்புரிமையின் மீதான தாக்குதல் என்பார்கள். பேராசிரியரும் ஒரு காலத்தில் அப்படியே சொல்லியிருப்பார்.

தோப்பும்படிச் சாலையோரப் பட்டறையின் மூத்த மெக்கானிக்கை அவர் 'இக்கா' என்று அழைப்பார். அந்த முதியவருக்கு இவர் 'மாஷ்'. இருவரும் சேர்ந்து செய்த மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. இருக்கையின் பஞ்சை இரண்டு விரற்கடை சீவி, ஊன்றும் கால் முழுமையாகத் தரையைத் தொடச் செய்தார்கள். மணிக்கட்டு வளையாதபடி கிளட்ச், பிரேக் லீவர்களைச் சற்றுத் தாழ்த்தினார்கள். கியர் பெடலை ஒரு பல் இறக்கிப் பூட்டினார்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊராதலால், வெளித்தெரியும் போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். அலுமினியத்தில் எஃகு போல்ட்டை வெறுமனே திருகினால் ஈரத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பின்னர் கழற்றும்போது மரை பிய்ந்துவிடும். எனவே ஒவ்வொன்றுக்கும் கிரீஸ் தடவினார்கள். சைலன்சரை யாரும் தொடவில்லை.

பட்டறையின் இளைய பையன், பின்னிருக்கையைக் கழற்றிவிட்டு ஒற்றை இருக்கையாக்கினால் வண்டி அழகாக இருக்கும் என்றான். "மாஷ் தனியாத்தானே ஓட்டுறீங்க?"

பேராசிரியர் பதிவுச் சான்றை எடுத்துக் காட்டினார். இருக்கை எண்ணிக்கை: 2. பையன் சிரித்தான், இக்கா சிரிக்கவில்லை. 2009இல் அந்தச் சாலையில் நடந்ததை மட்டாஞ்சேரியின் பழைய மெக்கானிக்குகள் அறிவார்கள். அவர் ஒன்றும் பேசாமல், தொழிற்சாலையிலிருந்து வந்த சாரி கார்டின் இடைவெளிகளில் விரலை நுழைத்துப் பார்த்தார். விரல் உள்ளே போயிற்று. அதன்மேல் நெருக்கமான கம்பிவலையொன்றை வெட்டி, ஓரங்களை மழுக்கி, நான்கிடத்தில் இறுக்கிக் கட்டினார். கைப்பிடியை இரு கைகளாலும் பற்றி, வண்டியே அசையும்படி இழுத்துப் பார்த்தார். அந்த வேலைக்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வண்டியை மாற்றுதல் என்றால் தன்னை அதில் எழுதுவது என்றுதான் இருபத்துநான்கு வயதில் அவர் நினைத்திருந்தார். அப்படி எழுதும்போது அழிக்கப்பட்டது பின்னால் அமரவிருந்தவரின் இடம். விதி 123 அந்த இடத்தைத்தான் காத்து நின்றது. அவர் அழகுக்கு இடையூறாகக் கண்ட மூன்று பொருள்களும், அதாவது கைப்பிடியும் கால்வைப்பும் காப்பும், ஓட்டுபவருக்கு ஒரு பயனும் தராதவை. முழுவதும் இன்னொருவருக்காகவே வண்டியில் இருப்பவை.

வண்டி வீட்டுக்கு வந்த மாலையில் மனைவி வாசலுக்கு வந்தார். முன்விளக்கையோ நிறத்தையோ பார்க்கவில்லை. சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக் குனிந்து, இடது கையால் கம்பிவலையைப் பற்றி இரண்டு முறை அசைத்தார். அது அசையவில்லை. "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே சென்றார்.

அதற்குப் பின் ஏழு மாதங்கள் ஆகின்றன. இடக்கால் இப்போது பிழை செய்வதில்லை. பேராசிரியர் தினமும் பாலத்தைக் கடந்து கல்லூரிக்குத் தனியாகவே போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் சக்கரத்தைத் துடைக்கும்போது வலையின் நான்கு கட்டுகளையும் இறுக்குகிறார். இரண்டாவது ஹெல்மெட் ஒன்றும் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். மனைவி அதைப் பார்த்திருக்கிறார். வருகிறாயா என்று அவர் இன்னும் கேட்கவில்லை. அதற்கு முன் கேட்க வேண்டிய வேறொன்று பதினைந்து ஆண்டுகளாகப் பாக்கியிருப்பது இருவருக்கும் தெரியும்.