ஹேட் பெட்டர் செய்த வேலை

எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படிக்கும் மாணவி ஒருத்தி. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வெளிநாட்டில் மேற்படிப்புக்காக, ஒரு செமஸ்டர் பாடம் நடத்திவிட்டு இங்கிலாந்து திரும்பிவிட்ட பேராசிரியரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தாள். கடைசித் தேதி நெருங்கியதும் ஞாபகப்படுத்தி ஒரு மெயில் போட்டாள்: 'யூ ஹேட் பெட்டர் செண்ட் இட் பை நெக்ஸ்ட் ஃப்ரைடே.'

மூன்று நாளாகப் பதிலே இல்லை. மெயிலைப் பார்த்த ஹாஸ்டல் சீனியர் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்னடி, அவரையே மிரட்டியிருக்கே?"

பாவம், அவள் எங்கே மிரட்டினாள்! 'வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பினா நல்லதுங்க சார்' என்பதைத்தான் ஆங்கிலத்தில் எழுதினாள். 'பெட்டர்' இருக்கிறதே, அப்போது 'நல்லது' தானே? அங்கேதான் வழுக்கிவிடுகிறது. ஹேட் பெட்டருக்குள் 'இல்லாவிட்டால் நடப்பதே வேறு' என்ற தொனி ஒளிந்திருக்கிறது. மழை வரும்போல் இருக்கும்போது 'குடையை எடுத்துட்டுப் போ' என்று அம்மா பிள்ளையிடம் சொல்ல அது சரி. பேராசிரியரிடம் ஆகாது. ஜப்பானியர்களும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். 'செய்வது நல்லது' என்ற பொருளில் அவர்களிடம் ஒரு சாதாரணத் தொடர் உண்டு. அதற்கு ஹேட் பெட்டர் என்று படித்துவிட்டு வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

தமிழில் 'வேண்டும்' ஒன்றே ஆசை, தேவை, கட்டளை, அறிவுரை என எல்லாவற்றையும் சுமக்கிறது. மரியாதையை 'நீங்க', 'கொஞ்சம்', 'சார்' பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ'தான். அதனால் பாரமெல்லாம் அந்தச் சின்ன துணைவினையின் தலையில்.

மஸ்ட்டுக்கும் ஷுட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதற்குப் பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோட் நல்ல உதாரணம். 1931-இல் முதலில் வந்தது. அதில் 'மஸ்ட்' என்று இருந்தால் சட்டம், மீறுவது குற்றம். 'ஷுட்' என்றால் அறிவுரை. மீறியதற்காக மட்டும் வழக்கு வராது, ஆனால் விபத்து என்று கோர்ட்டுக்குப் போனால் அதையும் எடுத்துக் காட்டலாம். 2022 ஜனவரி திருத்தத்துக்குப் பிறகு, ஜீப்ரா கிராசிங் ஓரத்தில் காத்திருப்பவருக்கு வண்டி வழிவிடுவது ஷுட். அவர் கிராசிங்கில் கால் வைத்துவிட்டால் மஸ்ட். ஓர் அடி தூரம்தான் :-)

ஆனால் இதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது. 'யூ மஸ்ட் கம் ஃபார் டின்னர்' என்பது கட்டளையே இல்லை, 'கண்டிப்பா சாப்பிட வரணும்' என்ற உபசாரம். கேட்பவருக்கு நன்மை என்றால் மஸ்ட் கூட இனிக்கும். (இதையெல்லாம் எந்த கிராமர் புத்தகம் சொல்லித் தருகிறது?)

அக்கா உட்கார்ந்து வேறு மெயில் எழுத வைத்தாள். அறிவுரையே வேண்டாம், 'வுட் இட் பி பாசிபிள்' என்று கேள்வியாகக் கேள் என்றாள். மறுநாளே கடிதம் வந்தது. கீழே ஒரு வரி: 'யூ மைட் வாண்ட் டு அப்ளை டு ஒன் மோர் பிளேஸ்.'

'மைட்' தானே, இஷ்டமிருந்தால் செய் என்கிறார் என்று மாணவி மூடி வைத்துவிட்டாள். அக்கா விடவில்லை. "இங்கிலீஷ்காரங்க அப்படித்தான்டி பூசி மெழுகிச் சொல்லுவாங்க. இது ஷுட்டுதான், அப்ளை பண்ணு!"

கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு இரண்டாவது விண்ணப்பமும் போனது.