முதல் பூவைக் கிள்ளுங்கள்

நாற்று வாங்க வருகிறவர்கள் எல்லாரும் பூத்த சால்வியாவைத்தான் முதலில் தொடுவார்கள். கவரில் ஒற்றைத் தண்டாக நெட்டையாக வளர்ந்து, உச்சியில் ஒரு சரம் சிவந்து நிற்கும். பக்கத்திலேயே பூ ஒன்றும் இல்லாமல், நாலைந்து கிளை விட்டுக் குட்டையாக நிற்கிற செடியை எடுத்துப் போங்கள் என்றால் மனசு வராது. அந்தக் குட்டைச் செடிக்குத்தான் நாங்கள் அதிகம் பாடுபட்டிருக்கிறோம். இரண்டு மாதம் பூக்கிற செடியும் அதுதான்.

போடிமெட்டுப் பக்கம் நாற்றங்கால் வேலையில் என் காலம் போயிருக்கிறது. ஏல நாற்றுதான் எங்களுக்குச் சோறு. சால்வியா ஆசைக்கு வந்து தொழிலாக நின்றுவிட்டது. இதைப் பழக வருகிற பிள்ளைகளுக்காக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் செடியைக் கையால் அறிய வேண்டும். தண்டை இரு விரலுக்கு நடுவில் உருட்டிப் பாருங்கள், உருளாது. நாலு பட்டையாக இருக்கும். இலை எதிரெதிராக இரண்டிரண்டாக வரும். ஒரு சோடி கிழக்கு மேற்கு என்றால் அடுத்தது தெற்கு வடக்கு. துளசி, தும்பை, புதினா, கற்பூரவல்லி எல்லாம் இந்தக் குடும்பம்தான். பூ இரண்டு உதடாகப் பிரிந்திருக்கும். உள்ளே மகரந்தம் தாங்கும் கேசரம் இரண்டே இரண்டு. கேசரத்தின் இணைப்புப் பகுதி இந்த இனத்தில் நீண்டு, ஏற்றம் மாதிரி ஆடும். தேனீ தேனுக்குத் தலையை உள்ளே நுழைத்துக் கீழ்முனையை நெட்டினால், மேல்முனை இறங்கி அதன் முதுகில் பொடியைத் தடவிவிடும். எல்லா வகையிலும் இது நன்றாக ஆடாது. தேனீ மொய்க்கிற வகைகளில் ஈர்க்குச்சி விட்டுப் பார்த்தால் தெரியும். சிவப்பு சால்வியாவுக்குத் தேனீயைவிடத் தேன்சிட்டுதான் அதிகம் வரும். நீண்ட சிவப்புக் குழலில் அலகு விடுகிற பறவைக்கு ஏற்ற பூ அது.

சிவப்பு சால்வியாவில் நாம் பார்க்கிற சிவப்பில் பாதி பூவே இல்லை, புல்லிவட்டம். குழல் இரண்டொரு நாளில் கழன்று விழுந்துவிடும். அடியில் மணி போலிருக்கிற சிவப்புக் கிண்ணம் வாரக்கணக்கில் நிற்கும். அதனால் சரம் முடிந்துபோனது தெரியாமலே பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். கிண்ணத்தின் அடியில் நாலு விதை முற்றிக்கொண்டிருக்கும். செடி தன் சத்தையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டு, அடுத்த சரம் விடாமல் சுணங்கும். குழல் முக்கால்வாசி உதிர்ந்ததும், சரத்துக்குக் கீழே உள்ள முதல் நல்ல இலைச் சோடிக்கு மேலாக வெட்டிவிட வேண்டும். அந்தக் கணுவின் இரு பக்கமும் புதுத் தளிர் கிளம்பும்.

எனக்கு இதைப் பழக்கியவர் ஒரு எஸ்டேட் பங்களாவில் தோட்டக்காரராக இருந்த பெரியவர். கத்தரிக்கோல் வைத்திருப்பார், ஆனால் நாற்றில் அதைப் படவிட மாட்டார். வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் சற்று நீளமாக விட்டிருப்பார். நாற்று மூன்று சோடி இலை விட்டதும், கொழுந்தை ஆள்காட்டி விரலில் சாய்த்து நகத்தால் ஒரு கிள்ளு. தண்டு நசுங்காது, நார் தொங்காது. மொட்டு கட்டியிருந்தாலும் கிள்ளுவார். பார்க்கிற எங்களுக்குத்தான் பதறும். “பூவப் பாக்காத தம்பி, கணுவப் பாரு. பூ போயிரும், கணுவுலதான் அடுத்தது இருக்கு” என்பார். கிளை மறுபடி மூன்று சோடி விட்டதும் இன்னொரு கிள்ளு. அதற்குப் பிறகுதான் பூக்க விடுவார். ஒரு சரம் நிற்க வேண்டிய இடத்தில் ஏழெட்டுச் சரம் நிற்கும்.

விதைப்புக்கு வருவோம். சிவப்பு சால்வியா விதைக்கு வெளிச்சம் வேண்டும், ஆழமாகப் புதைத்தால் முளைப்பு குறையும். செம்மண், மணல், சலித்த இலைமக்கு சம அளவு கலந்து, பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, மேலே விதையைத் தூவி, மணலைப் பட்டும் படாமலும் போட்டால் போதும். நனைந்த விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு பசை கட்டும். சப்ஜா விதை ஊறினால் வருமே, அதேதான். அந்த நிலையில் பூவாளித் தண்ணீர் வேகமாக விழுந்தால் விதை ஒரு மூலையில் போய் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் புகுகிற மெல்லிய சாக்கை மேலே விரித்து அதன் மேல் தெளியுங்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். பத்திலிருந்து பதினைந்து நாளில் முளைத்துவிடும்.

நாற்றழுகல்தான் மலையில் பெரிய எதிரி. ஆனி, ஆடி மழையில் நாற்றின் கழுத்து கறுத்து, காலையில் பார்த்தால் கூட்டமாகச் சாய்ந்து கிடக்கும். இடம் விட்டு விதைப்பதும், பிற்பகலில் தண்ணீர் விடாமலிருப்பதும் பாதி வைத்தியம். மீதிக்கு, ஏலத்தில் அழுகலுக்கு மழைக்கு முன்னால் அடிக்கிற போர்டோ கலவையே ஆகும். 100 கிராம் மயில்துத்தத்தை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் நீற்றின சுண்ணாம்பை வேறு 5 லிட்டரில் கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. இரும்பு வாளி ஆகாது. தேய்த்த இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டும். கலக்கிய அன்றே தீர்த்துவிடுங்கள்.

மலைக்கும் கீழே போடிக்கும் கணக்கு வேறு. பதினேழு கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் காற்று, வெயில், மழை எல்லாம் மாறிவிடுகிறது. மேலே தைக்கு முன்பின் விதைத்தால் சித்திரை, வைகாசியில் பூ. கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மே மாதக் கண்காட்சிக்குச் சால்வியா தயாராவதும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். போடியில் அதே நாளில் விதைத்தால் பங்குனி வெயிலில் இலை சுருண்டு, சிவப்புச் சிலந்தி ஏறிவிடும். அங்கே புரட்டாசியில் விதைத்து, மார்கழி, தையில் பூவைப் பார்க்க வேண்டும். ஆடிக் காற்றுக்கு மறைப்பு இல்லாமல் எந்தச் சால்வியாவும் போடியில் நிற்காது, தண்டு கணுவில் முறியும்.

எந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் பாதி வேலை குறையும். சிவப்பு சால்வியா பிரேசில் நாட்டு ஈரமான மேட்டு நிலத்துச் செடி. அதனால் மூடுபனியும் அரை நிழலும் அதற்கு ஒத்துவருகிறது. நீல சால்வியா டெக்சாஸ், மெக்சிகோப் பக்கத்துச் செடி, வெயிலை அதைவிட நன்றாகத் தாங்கும். போடிக்கு நான் தருவது அதைத்தான். மேல்நாட்டார் சமையலுக்குப் போடுகிற சேஜ் மத்தியதரைக் கடலோரத்துக் காய்ந்த சுண்ணாம்பு மண்ணில் வளர்வது. அதை எங்கள் மழையில் தரையில் வைத்துக் காப்பாற்ற முடியாது.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது மெக்சிகோவிலிருந்து வந்த ஊதா சால்வியா. மூன்று நாலு அடி உயரம் வரும். இலை ஒடுங்கிச் சுருக்கம் விழுந்து, அடிப்பக்கம் வெளுத்திருக்கும். புல்லிவட்டம் வெல்வெட் துணி தொட்டது போலிருக்கும். பகல் 12 மணி நேரத்துக்குக் கீழே குறைந்தால்தான் அது பூக்க நினைக்கும். ஐப்பசி வரைக்கும் வெறும் இலையாக நிற்பதைப் பார்த்து, மலட்டுச் செடி என்று பிடுங்கிப் போட்டவர்கள் உண்டு. பொறுத்திருங்கள், உரத்தை ஏற்றாதீர்கள். தழைச்சத்து கூடினால் கிளை நீண்டு சாயும், பூ குறையும். இதை விதையில் போடுவதில்லை. பூக்காத கிளையின் நுனியில் நாலு விரற்கடை நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலையைக் களைந்து, மணல் கூடிய மண்ணில் நிழலில் நட்டால் மூன்று வாரத்துக்குள் வேர் பிடிக்கும். பூ முடிந்ததும் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொத்தமாகக் கவாத்து அடிக்க வேண்டும். அடியில் புதுக் குருத்து கிளம்பியிருப்பதைப் பார்த்துவிட்டு வெட்டுங்கள், மலைமேல் பின்பனி நேரத்தில் அவசரப்பட வேண்டாம்.

வெட்டுகிறது இவ்வளவு என்றால், வெட்டியதை என்ன செய்வது என்பதும் தொழில்தான். கண்ட இடத்தில் போட்டால் காட்டில் முளைத்துவிடும். செந்நிறப் பூ விடுகிற சிறு சால்வியா ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் பல இடங்களில் யாரும் நடாமலே முளைத்துப் பரவியிருக்கிறது. உண்ணிச்செடியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்ததுதான். இன்று எந்த மலைக்காட்டில் அது இல்லை? எங்களுக்குப் பக்கத்தில் பூப்பாறை ஓரம் மதிகெட்டான் சோலை இருக்கிறது, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அப்படிப்பட்ட காட்டின் விளிம்பில் தோட்டம் வைத்திருக்கிறவர்கள் விதை கட்டிய சரத்தை ஓடையிலும் சரிவிலும் வீசாதீர்கள். விதை முற்றும் முன்பே வெட்டி, வீட்டு மக்குக்குழியில் போட்டு மண் மூடுங்கள். நாற்று வாங்க வருகிறவர்களிடம் நான் பணம் வாங்கும்போதே இதையும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.